‘அச்சு’ என்னும் கலைச்சொல்லும் வெள்ளி நானோ துகளும்

பலபடி மிசெலுக்குள் வெள்ளி நானோ துகள்கள் வளர்வதை விளக்குங்கால் மிசெலை ‘அச்சு’ எனல் எளிது, பொருத்தமன்று. சுவாமிமலை வார்ப்பில் காவிரி வண்டலால் ஆகும் அச்சின் உட்குழிவே திருமேனியின் வடிவை வரையறுக்கிறது. மிசெலோ, நீரில் பலபடி மூலக்கூறுகள் தாமே திரண்டமையும் நெகிழ்வான கூடு. அதனுள் வெள்ளி அயனி ஒடுக்கமுறும் வேகமும், படிக முகங்களில் பலபடி பற்றும் தன்மையும் வடிவைத் தீர்மானிப்பதில் பங்குகொள்கின்றன. சிறு கோளத் துகள்களின் கரைசல் மஞ்சளாகத் தோன்ற, முக்கோணத் தகடுகளின் கரைசல் நீலமாகவும் தோன்றக்கூடும். வடிவு மாறின் பண்பும் மாறும். எனவே ‘வளர்கூடு’ என்பதே தகும்.

திருவாரூரில் 2009இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் தமிழும் வேதியியலும் ஒருங்கே பயிற்றப்பெறுகின்றன. கலைச்சொல்லாக்கம் அத்தகைய இடங்களில் ஆய்வுக்கூடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். செயல்முறை அறியாது ஆக்கப்பெறும் சொல், மாணவரின் அறிவியற் புரிதலையே பிழைபடுத்தும்.