பேர் வைத்த கோழியை என்ன செய்வது?

பலெர்மோவில் ஞாயிற்றுக்கிழமை காலை பல்லாரோ சந்தைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: மரக்கறி, மீன், மலிவு உடுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் பறவை வியாபாரமும் நடக்கும். கார்தெல்லீனோ என்கிற சின்னப் பாட்டுக்குருவியை வலை போட்டுப் பிடித்து, கையளவு கூட்டில் அடைத்து விற்பார்கள். வனக் காவலர்கள் அவ்வப்போது வந்து கூடுகளைப் பறிமுதல் செய்து குருவிகளைப் பறக்க விடுவார்கள். 1992-ஆம் ஆண்டின் 157-ஆம் இலக்கச் சட்டப்படி காட்டுப் பறவை அரசின் சொத்து. அதைப் பிடித்து விற்பது குற்றம். சரி, அப்படியென்றால் அதே சந்தையில் இறைச்சிக் கடைக் கொக்கியில் தொங்குகிற கோழி யார்? மேல்மாடி பல்கனியில் கூண்டுக்குள் இருக்கிற கிளி யார்?

இதற்கு ஐரோப்பியச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2016-இல் இயற்றி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விலங்குச் சுகாதாரச் சட்டத்தில், எவையெல்லாம் செல்லப் பிராணிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நாய், பூனை உண்டு. முயல் உண்டு, ஆனால் உணவுக்காக வளர்க்காத முயல் மட்டும். பறவைகள் உண்டு, கோழி, வான்கோழி, தாரா, வாத்து, காடை, புறா போன்றவை நீங்கலாக. முயலின் தலைவிதி வளர்ப்பவரின் எண்ணத்தைப் பொறுத்தது. கோழிக்கு அந்தச் சலுகைகூட இல்லை. நீங்கள் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாலும் அந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இதைச் சட்டப் புதினம் சொல்வதற்காக எழுதவில்லை. பலெர்மோவில் எங்கட சனம் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பழைய நகரத்து மாடி வீடுகளில் ஒடுங்கிக் கிடந்த குடும்பங்களில் சில நகரத்தின் ஓரத்துக்குப் போயிருக்கின்றன. சிலர் வில்லாக்களைப் பராமரித்தபடி அங்கேயே தங்கியிருக்கிறார்கள். கொஞ்சம் நிலம், ஒரு எலுமிச்சை மரம், தொட்டியில் கறிவேப்பிலை, அதற்குப் பிறகு நாலு கோழி. அப்பாவுக்கு ஊர் ஞாபகம், அம்மாவுக்கு முட்டை, பிள்ளைக்கு ஒரு கூட்டாளி. பிள்ளை அதற்குப் பேர் வைக்கிறது. இரண்டு வருசம் கழிய முட்டை குறைகிறது. லண்டனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ உறவு வருகிறது. அப்பா கத்தியைத் தேடுகிறார், பிள்ளை அழுகிறது. "கோழிக்கும் ஒரு அழுகையோ?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்போடு எமக்கு உடன்பாடில்லை. கத்தி எடுத்த அப்பாவைக் காட்டுமிராண்டி மாதிரிப் பார்க்கிற பக்கத்து வீட்டாரோடும் உடன்பாடில்லை.

முதலில் அப்பாவின் பக்கம். ஊரில் கோழி என்பது பண்ணையும் இல்லை, செல்லமும் இல்லை. விடியக் கூட்டைத் திறந்தால் வளவு முழுக்க அதன் ராச்சியம். கிளறும், மண்ணில் குளிக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் போய் அடுத்த வீட்டாரிடம் ஏச்சு வாங்கித் தரும். பொழுதுபட்டால் தானே வந்து கூட்டில் ஏறும். அடைக்கு வைத்து, குஞ்சு பொரித்து, பருந்துக்கும் கீரிக்கும் தப்பிய மிச்சத்தில்தான் வீட்டுக்குப் பங்கு. முட்டை விற்ற காசு பெரும்பாலும் அம்மாவின் கைக்காசு. கொப்பி பென்சில் அதில் வந்த வீடுகள் எத்தனை! பேரும் இருந்தது. கறுப்பி, வெள்ளச்சி, புள்ளிப் பேடு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். ஒரு நாள் விருந்தாளி வந்தால் சட்டிக்குள்ளும் வரும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாட்டை அவிழ்த்துவிட்டதையும் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டதையும் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தின்னுகிறதற்காக மட்டுமே வைத்திருந்த ஒன்றை அப்படி நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

இத்தாலியர் இந்த இரண்டையும் வெட்டி வேறாக்கி வைத்திருக்கிறார்கள். 'அனிமாலி தா ரெத்தித்தோ' என்றால் வருமானத்துக்கான விலங்கு. 'அனிமாலி தஃபெட்சியோனே' என்றால் பாசத்துக்கான விலங்கு. தமிழில் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை. கோழி வளர்ப்பு என்பதும் வளர்ப்பு, வளர்ப்புப் பிராணி என்பதும் வளர்ப்பு, பிள்ளை வளர்ப்பும் வளர்ப்புத்தான். இதில் எங்கட மொழி கொஞ்சம் கூடுதல் நேர்மையாக இருக்கிறது என்றே படுகிறது.

சரித்திரமும் பிள்ளையின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. கோழி மனிதரிடம் வந்தது கறிக்காகத்தான் என்று நாம் நினைக்கிறோம். 2022-இல் வெளியான தொல்லியல் ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. தாய்லாந்தில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் நெல் வயலோரம் மனிதரோடு சேர்ந்த காட்டுக்கோழி, ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தபோது முதலில் உணவாக இருக்கவில்லை. மிகப் பழைய கோழி எலும்புகள் பல, வெட்டுக்காயம் இல்லாமல் முழு உடலாகப் புதைக்கப்பட்ட நிலையில் கிடைத்திருக்கின்றன. கி.மு. முதல் நூற்றாண்டில் பிரித்தானியர் கோழி தின்பதில்லை, விருப்பத்துக்காக வளர்க்கிறார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதி வைத்திருக்கிறார்.

சிசிலிக்கே ஒரு கோழிக் கதை உண்டு. கி.மு. 249-இல் பலெர்மோவிலிருந்து மேற்கே இருக்கிற திராபனிக் கடலில் கார்த்தேஜியரோடு போருக்கு நின்ற உரோமத் தளபதி புப்ளியுஸ் கிளாவுதியுஸ் புல்கெர், குறி பார்க்கக் கப்பலில் கொண்டுவந்த புனிதக் கோழிகள் தீன் தின்ன மறுத்ததும், தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று கடலில் எறிவித்தார் என்பார்கள். அன்றைய போரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உரோமக் கப்பல்கள் பறிபோயின. அந்தக் கோழிகள் கறியும் இல்லை, செல்லமும் இல்லை. முருகன் கொடியில் நிற்கிற சேவலும் அப்படித்தான்.

ஆக, வகை என்பது பறவையின் உடம்பில் எழுதி வருவதில்லை. நாம் போடுகிறது. அப்படியென்றால் போட்டவருக்குப் பொறுப்பு உண்டு.

இனி அப்பா, பிள்ளை இரண்டு பேரும் பேச மறந்த மூன்றாவது கோழிக்கு வருவோம். அதுதான் சனிக்கிழமை சுப்பர்மார்க்கெட்டில் வாங்கி, ஞாயிறு குழம்பாகிறது. புறொயிலர் கோழி பொதுவாக ஆறு கிழமை உயிர் வாழும். விட்டால் ஐந்து முதல் எட்டு வருசம் வாழக்கூடிய இனம் அது. மார்பு இறைச்சி வேகமாகப் பெருக்க வேண்டும் என்று தெரிந்தெடுத்து வளர்த்ததில், பல கோழிகள் தம் எடையைத் தாமே தாங்க முடியாமல் கால் மடங்கிக் கிடக்கும். முட்டைக் கோழியின் கதை இன்னொன்று. காட்டுக்கோழி வருசத்துக்கு ஒரு டசின் முட்டை அளவில் இடும்; பண்ணைக் கோழி 300 இடும். அந்தக் கல்சியத்தில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்தும் போகிறது. ஒன்றரை வயதளவில் கணக்கு முடிந்துவிடும். உலகம் முழுக்க வருசத்துக்கு 7,000 கோடிக்கும் மேல் கோழிகள் அறுபடுகின்றன.

ஐரோப்பா வெறுங்கம்பிக் கூண்டை 2012 சனவரி முதல் தடை செய்தது உண்மை. ஆனால் அதற்குப் பதில் வந்த 'வசதி செய்த' கூண்டில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்றிமீற்றர் இடம். ஒரு ஏ4 தாள் 624. மிச்சம் இருப்பது உங்கள் உள்ளங்கை அளவு. கால்நடை என்று எங்கட முன்னோர் பேர் வைத்தது காலால் நடந்து திரிகிறதைப் பார்த்துத்தான். நடக்க இடமில்லாத இந்தக் கோழியைக் கால்நடை என்று சொல்வதுகூடப் பொய். கூண்டே வேண்டாம் என்று 14 இலட்சம் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த பின், 2023 முடிவதற்குள் சட்டவரைபு கொண்டுவருவதாக ஐரோப்பிய ஆணையம் 2021-இல் சொன்னது. 2023 போய்விட்டது, வரைபு வரவில்லை.

எங்கட சமூகம் கோழியின் சாவைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் இந்துக் கோவில்களில் மிருகபலியைத் தடை செய்தபோது எவ்வளவு கதைத்தோம்! தமிழ்நாட்டில் 1950-ஆம் ஆண்டுப் பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தூசு தட்டி எடுத்து, எதிர்ப்பு வந்ததும் 2004-இல் நீக்கிய அரசியலும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வாதம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கிற ஒரு சாவைப் பற்றியது. வளவில் ஓடித் திரிந்து வைரவர் வாசலில் செத்த சேவலுக்குக் கிடைத்த வாழ்க்கையில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத கோழியைத் தின்றுகொண்டே அதைக் கதைத்தோம். வீட்டு வளவில் வளர்த்து, வீட்டுத் தேவைக்குத் தன் கையால் அறுக்கிற அப்பாவைவிட, எதையும் பார்க்காமல் பொதி வாங்குகிறவர் எந்த வகையிலும் கருணை கூடியவர் இல்லை. பக்கத்து வீட்டாருக்கும் இதுதான் பதில்.

அப்போ அப்பா அறுக்கலாமா? கறிக்கென்று வளர்த்தால், பிள்ளைக்கும் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால், அதைத் தவறென்று எம்மால் சொல்ல முடியாது. பேர் வைக்க விட்டு, "இது உன்ர கோழி" என்று சொல்லிவிட்டுப் பிறகு அறுப்பது வேறு.

இதைப் புரிய வைக்க எங்களுக்கு இத்தாலியச் சட்டம் வேண்டாம். முருகனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை, வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும், அந்த வீட்டார் தங்கட சட்டியில் போட மாட்டார்கள். சேவல் அதே சேவல். நேற்றுவரை கறி, இன்றைக்கு இல்லை. நடுவில் நடந்தது ஒரு சொல், அவ்வளவுதான். பலெர்மோவில் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து மொன்தே பெல்லெக்ரீனோ மலையை நடந்தே ஏறுகிற எங்கட சனத்துக்குக் கொடுத்த சொல்லின் பாரம் நன்றாகத் தெரியும். பிள்ளைக்குக் கொடுத்த சொல்லும் அந்த வகைதான். பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் அறுத்துவிட்டு "பறந்து போச்சு" என்று சொல்கிற வீடுகளில், பிள்ளை ஒரு நாள் உண்மையைக் கண்டுபிடிக்கும். அன்றைக்கு அது இழப்பது கோழியை மட்டுமில்லை. ஏற்கெனவே வீட்டில் தமிழ், வெளியில் இத்தாலியம் என்று இரண்டு உலகத்துக்கு நடுவில் நிற்கிற பிள்ளை அது. அம்மா அப்பாவின் சொல்லையும் சந்தேகிக்க வேண்டி வந்தால் எங்கே போய் நிற்கும்?

"அதே பிள்ளைதானே நகெற்ஸ் கேட்டு அழுகுது" என்பார்கள். உண்மைதான். முரண்பாடு இருக்கிறது. ஆனால் பெரியவர்களிடமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை, சனிக்கிழமை இரண்டு கிலோ. அந்த முரண்பாட்டைச் சிரித்து அடக்காமல், இரண்டும் ஒரே பறவைதான் என்று பிள்ளையோடு இருந்து கதைக்கலாம். பிள்ளை அதன் பிறகு இறைச்சியை விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி. முட்டையைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். ஓட்டில் அடித்திருக்கிற முதல் இலக்கம் 0 என்றால் இயற்கை முறை, 1 என்றால் வெளியில் திரிந்த கோழி, 2 என்றால் கொட்டகை, 3 என்றால் கூண்டு. நடுவில் இருக்கிற இரண்டெழுத்து எந்த மாகாணம் என்று சொல்லும். வயோதிபர் பராமரிப்பு, வீட்டு வேலை என்று உழைக்கிற குடும்பங்களுக்கு 0 முட்டை விலைதான். எல்லாக் கிழமையும் முடியாது. கறி நாட்களைக் குறைத்து, முட்டையில் ஒரு படி மேலே போவது பல வீடுகளுக்கு முடியும்.

செல்லமாக வளர்க்கிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. பல்கனியில் ஒற்றைக் கோழி வைப்பது அன்பில்லை; அது கூட்டமாக வாழ்கிற பறவை, தனியே விட்டால் ஏங்கும். கடையில் வாங்குகிற பேட்டுக்குஞ்சுக்குக் கூடப் பொரித்த சேவல்குஞ்சு பெரும்பாலும் முதல் நாளே கொல்லப்பட்டிருக்கும். இத்தாலி அதை 2026 முடிவோடு நிறுத்தச் சொல்லி 2022-இல் சட்டம் போட்டிருக்கிறது. நோய் வந்து மருந்து கொடுத்தால் சொன்ன நாள்வரை முட்டை தின்னக் கூடாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் உங்கள் செல்லம் இன்னும் உணவு தரும் விலங்குதான். வீட்டுக்கு நாலு கோழி வைத்திருக்கிறவரும் மாகாணச் சுகாதார நிறுவனமான ஆஸ்ப்பின் கால்நடை மருத்துவப் பிரிவில் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. 2021-22 குளிர்காலத்தில் வட இத்தாலியில் பறவைக் காய்ச்சல் வந்து ஒரு கோடிக்கும் மேல் பறவைகள் போயின. 2023 செப்டெம்பர் 20 அன்று பவியா மாகாணத்தில் ஒரு விலங்குச் சரணாலயத்துக்குள் பொலிஸ் புகுந்து, மறித்து நின்றவர்களை இழுத்தகற்ற, பன்றிக் காய்ச்சல் காரணமாக எஞ்சிய பன்றிகளைக் கால்நடை வைத்தியர்கள் கொன்றதும் நடந்தது. அவை ஒவ்வொன்றுக்கும் பேர் இருந்தது. பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கும்போது, எங்கட கையை மீறி இப்படியும் நடக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குஞ்சு வாங்கப் போகிற குடும்பம் முதல் நாள் இரவே மேசையில் இருந்து பேசட்டும்: முட்டை நின்ற பிறகும் நாலைந்து வருசம் தீன் போடுவோமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, அல்லது இது கறிக்கென்று பிள்ளைக்கு இப்பவே சொல்லப் போகிறோமா? ஏற்கெனவே பேரோடு ஒரு பேடு கூட்டில் நிற்கிறது, லண்டன் மாமா வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறார் என்றால், மாமாவுக்கு மீன் வாங்குங்கள். பலெர்மோவில் மீனுக்குப் பஞ்சமில்லை; மீனின் பக்கத்து வாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.