இரவில் எடுக்கும் இரத்தத்துளி

யானைக்கால் நோய் இலங்கையில் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என உலக சுகாதாரத் தாபனம் 2016ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் 'பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக' என்ற அடையை விடுத்து, 'நோய் அற்றுப்போயிற்று' என்று கூறுவோரைக் காணும்போது தமிழாசிரியராகிய எமக்கு மனம் ஒப்புவதில்லை. அடையை நீக்கினால் பொருள் கெடும். இங்கு வருங்கேடோ இலக்கணத்தோடு நிற்பதன்று. 'இல்லாத நோய்க்கு இரத்தம் எதற்கு?' என்று, இரவில் வரும் சுகாதார ஊழியரைத் திருப்பியனுப்பும் துணிவு அதிலிருந்தே பிறக்கின்றது.

இரவில் ஏன் வரவேண்டும்? இந்நோயை விளைக்கும் புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் வாழ்வன. அவை ஈனும் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் குருதிக் குழாய்களில் ஒதுங்கியிருந்து, நுளம்பு கடிக்கும் நள்ளிரவையொட்டியே மேற்புறக் குருதியில் பெருகி உலாவுகின்றன. நுளம்பு இவற்றை உறிஞ்சுவதையும் அதனுடலில் இவை வளர்வதையும் சீனத்தின் அமோய் நகரில் பற்றிக் மான்சன் 1877இல் கண்டறிந்தார். ஆகவே விரல் நுனியில் எடுத்த குருதியைக் கண்ணாடித் தகட்டிற் பரப்பி, உலர்த்திச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் நோக்கும் இச்சோதனைக்கு நேரமே உயிர்நாடி. நண்பகலில் எடுத்த துளியில் புழு இல்லையென்றால் அது நற்சான்றாகாது.

பகலிலும் செய்யத்தக்க அட்டைச் சோதனை இன்று உண்டே எனலாம். பாங்குரொப்ற்றின் பெயர் தாங்கிய புழு வெளிவிடும் பொருளை அது சில நிமிடங்களிற் காட்டும். ஆனால் புறூகியா என்னும் மற்றோர் இனத்தை அது காட்டாது. நெடுங்காலம் காணப்படாதிருந்த அவ்வினம் 2006 முதல் இந்நாட்டில் மீண்டும் தென்படுகின்றது. எனவே இரவுச் சோதனையைக் கைவிடுவதற்கில்லை.

இன்னொன்றையும் கூறவேண்டும். கால் வீங்கியவரைக் கண்டு ஒதுங்கும் வழக்கம் எம்மவரிடையே இன்னும் மறையவில்லை. சம்பந்தம் பேசும் வேளையில் அது கொடுமையாகவே வெளிப்படும். உண்மையில் அவ்வாறு வீங்கியவர் பலரின் குருதியில் நுண்புழுக்கள் காணப்படுவதில்லை. பழைய சேதத்தையே அவர் சுமக்கின்றார். எவ்விதக் குறியுமின்றி விளையாட்டுத் திடலில் ஓடும் இளைஞனின் குருதியிலோ அவை இருக்கக்கூடும். அவனிடமிருந்தே நுளம்பு அவற்றைப் பெறும். கண்ணால் நோக்கித் தீர்ப்பளிக்கும் நாம் குற்றமற்றவரைத் தண்டிக்கின்றோம்.

1947இல் தொடங்கிய யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் இன்றும் இப்பணியை ஆற்றுகின்றது. மேல், தென், வடமேல் மாகாணங்களே இந்நோய் வழிவழியாக நிலவிய பகுதிகள். எம் பழைய மாணவர் பலர் இன்று கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இல்லம் அமைத்துள்ளனர். கழிவுநீர் தேங்கும் கான்களில் இந்நுளம்பு பெருகுவதை அவர்கள் அறிவர். அடுத்த முறை இரவில் கதவு தட்டப்படும்போது, பிள்ளைகளையும் எழுப்பி விரலை நீட்டச் செய்வார்களாக. ஊசி குத்தும் வலி கணநேரமே. தூக்கம் கலைந்த சினந்தான் சற்று நீளும்.