பழைய வானும் பெயரும் ஆசனமும்

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்திற்று. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கிற்று. இடைப்பட்ட காலத்தில், ஓட்டமாவடியில் நெல்மூடை சுமந்து தேய்ந்த ஜப்பானிய வான்களுக்கும் யோகம் பிறந்தது. பழசாகப் பழசாக விலை ஏறிய விந்தையை நாம் கண்டோம்!

தடை நீங்கியும் என்ன? வரிச்சுமையோடு வந்திறங்கும் வண்டி சிறு வியாபாரிக்கு எட்டாக் கனியே. ஆதலின் அவர் பழையதை வாங்கி, வர்ணம் பூசி, பின்புறம் மடக்கு ஆசனம் பொருத்துகிறார். வாரநாளிற் சரக்கு, வெள்ளி மாலை குடும்பத்துடன் பாசிக்குடா. இதிற் குற்றங் காண்பதற்கில்லை. ஆளும் சரக்கும் ஒருங்கே ஏற்றும் வண்டியை மோட்டார் வாகனச் சட்டமே தனிவகையாக ஏற்றுள்ளது.

ஆனால், சரக்கு வண்டியாகப் பதிந்ததை அவ்வகைக்கு மாற்றப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அலைச்சலுக்கு அஞ்சி அதனை ஒதுக்கினால், விபத்தின்போது காப்புறுதிக்காரர் கைவிரிக்கக் கூடும். அதனினும் கொடியது ஒன்றுண்டு. வாவியோர உவர்க்காற்றில் துருவேறிய தளத்தில் முடுக்கிய ஆசனம், மோதலின்போது பிள்ளையோடு பெயர்ந்து முன்னே பாயும். வர்ணத்துக்குப் பணம் எண்ணுமுன், விரிப்பை நீக்கித் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். தகடு பொடிந்தால் ஒட்டுவேலைக்கும், ஆசனப் பட்டிக்குமே முதற்செலவு.