பம்ப் திடீர்னு வேலை செய்யலையா? ஆணுறுப்பு இம்ப்ளான்ட் கோளாறில் செய்ய வேண்டியது என்ன?

பம்பை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார், அதே கதைதான். மனைவியிடம் சொல்லவே கூச்சம். டாக்டருக்கு போன் போட்டு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. விறைப்புத்தன்மை குறைபாட்டுக்கு மாத்திரை, ஊசி எதுவும் கைகொடுக்காமல், கடைசி வழியாக இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட ஒருவருக்கு இப்படி ஒரு நாள் வரலாம். சர்க்கரை நோயாளிகளும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தவர்களும் இதில் கணிசம்.

உள்ளே என்னதான் இருக்கு?

1973-ல் அமெரிக்காவில் பிரான்ட்லி ஸ்காட் குழு அறிமுகப்படுத்திய யோசனைதான் இன்றைக்கும் அடிப்படை. ஆணுறுப்புக்குள் இரண்டு சிலிண்டர்கள், விதைப்பையில் ஒரு பம்ப், அடிவயிற்றில் சலைன் நிரப்பிய சின்ன பை. பம்பை அழுத்தினால் நீர் சிலிண்டருக்குப் போகும், வால்வை அழுத்தினால் பைக்குத் திரும்பும். நீரே இல்லாமல், வளைத்து நிமிர்த்துகிற கம்பி மாதிரியான வகையும் உண்டு. மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்த இந்தியத் தயாரிப்பு அந்த ரகம். அதில் லீக் என்ற பேச்சே கிடையாது. நகரும் பாகம் கூடக் கூட, கெட்டுப்போகும் இடமும் கூடும். அவ்வளவுதான் கணக்கு.

பம்ப் அமுங்கவே மறுத்தால் பதற வேண்டாம். ரொம்ப நாள் பயன்படுத்தாமல் விட்டால் பம்பின் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், வால்வும் சிக்கிக்கொள்ளும். பல நேரம் டாக்டர் கையால் அழுத்தியே சரிசெய்துவிடுவார். ஒவ்வொரு மாடலுக்கும் முறை வேறு. அதனால் யூடியூப் பார்த்து முரட்டுத்தனமாக அழுத்துவது வேண்டாமே.

இருமும்போதோ கனமான பொருளைத் தூக்கும்போதோ தானாகவே விறைக்கிறதா? அடிவயிற்றுப் பை அழுத்தப்பட்டு நீர் சிலிண்டருக்குள் வருகிறது என்று அர்த்தம். இதைத் தடுக்கும் வால்வு புது மாடல்களில் இருக்கிறது. இருந்தும் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, லீக். பம்ப் சுலபமாக அமுங்கும், ஆனால் விறைப்பு வராது. அல்லது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கசிவது வெறும் உப்பு நீர்தான், உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், உயிருக்கு ஆபத்தில்லை. ஸ்கேனில் பை காலியாக இருந்தால் விஷயம் உறுதி. மேலிருந்து நீர் நிரப்பிச் சமாளிக்க முடியாது, மறு ஆபரேஷன்தான். பழைய கருவி என்றால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றாமல் முழு செட்டையும் மாற்றுவதையே டாக்டர்கள் பெரும்பாலும் விரும்புவார்கள்.

எப்போ உடனே ஓடணும்?

காய்ச்சல், சிவந்த வீக்கம், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, தோல் வழியாகவோ சிறுநீர்த் துவாரத்திலோ கருவி எட்டிப் பார்ப்பது. இவை இயந்திரக் கோளாறு இல்லை, தொற்று அல்லது அரிப்பின் அடையாளம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. வேறு எதற்காகவோ அட்மிட் ஆகும்போது இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லாமல் விடுவது. விறைத்த நிலையில் சிறுநீர்க் குழாய் போட்டால் காயம் ஏற்படலாம். குடலிறக்க ஆபரேஷன் செய்பவருக்கு அடிவயிற்றில் ஒரு பை இருப்பது தெரிந்தே ஆக வேண்டும். எம்ஆர்ஐ எடுப்பவருக்கும் மாடல் பெயர் வேண்டும். கூச்சமாக இருந்தால் கருவியோடு தந்த அட்டையை நீட்டினால் போதும். அந்த அட்டை பீரோவில் தூங்கினால் பிரயோஜனமில்லை, போனில் ஒரு போட்டோவாவது இருக்கட்டும்.

செலவு யார் தலையில்?

கருவிக்கு வாரன்டி இருந்தாலும், அது புதுக் கருவிக்கு மட்டுமா, ஆபரேஷன், ரூம், மயக்க மருந்து செலவுக்கும் சேர்த்தா என்பதை முதல் ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லட்சங்களில் வாங்கும் பொருளுக்கு, மிக்ஸிக்குக் கேட்கும் கேள்வியைக்கூட நாம் கேட்பதில்லை.

புகார் செய்யவும் வழி இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம், காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் இயங்குகிறது. டாக்டர் மட்டுமல்ல, நோயாளியும் அங்கே தெரிவிக்கலாம். மாடல் பெயர், சீரியல் எண், வைத்த தேதி கையில் இருந்தால் வேலை சுலபம். மூன்றுமே அந்த அட்டையில்தான் இருக்கும்.