மீன் பெட்டியிலே உறைந்த கரி

நள்ளிரவு கடந்ததும் பேலியகொடை விழித்துக்கொள்கிறது. நீர்கொழும்பு, மன்னார், திருகோணமலை, தங்காலை ஆகிய கரைகளிலிருந்து வந்த லொறிகள் மத்திய மீன் சந்தையிலே வரிசையாக நிற்கின்றன. சூரையும் அறக்குளாவும் சாளையும் பெட்டிகளிலே ஐஸ் போர்த்துக் கிடக்கின்றன. நாட்டாமைத் தொழிலாளரின் தோள்களிலே அப்பெட்டிகள் ஏறி இறங்குகின்றன. விடியுமுன்னரே கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் மீன் புறப்பட்டுவிடுகிறது. வாங்குவோர் செவுளைத் தூக்கிப் பார்ப்பர். விலையைக் கேட்டு முகஞ்சுளிப்பர். ஆனால் அம்மீனைக் காத்த ஐஸ் எதனால் உறைந்தது என்று எவரும் கேட்பதில்லை.

நாம் கேட்கிறோம். இந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியே தருகிறது. எனவே ஐஸிலும், குளிர் அறையிலும், அரிசி ஆலையிலும், மாவரைக்கும் பொறியிலும் கரி கலந்திருக்கிறது. நமது சோற்றுக்கோப்பையிலே கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பருக்கை ஒன்று கிடக்கிறது.

'நிலக்கரி மலிவானது, மலிவான மின்சாரம் இல்லையேல் மலிவான உணவும் இல்லை' என்று நமக்கு நெடுங்காலமாகப் போதிக்கப்பட்டு வருகிறது. கணக்கு வல்லோர் இதனை வேதவாக்கெனவே ஓதுகின்றனர். நாம் அவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்க விரும்புகிறோம்: மலிவு என்பது யாருக்கு மலிவு?

கரி நமது உணவுக்குள் நுழைந்தது இன்று நேற்றன்று. 1867 இலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடியது. மலைநாட்டுக் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் இறக்கிய அப்பாதையே தோட்டங்களுக்கு அரிசியையும் ஏற்றிச் சென்றது. அவ்வரிசியோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் நீராவிக் கப்பல்களிலே வந்தது. 1885 இலே துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி கட்டி முடிந்தபின், கீழ்த்திசைக் கப்பல்கள் கரி நிரப்பிச் செல்லும் பெருந்துறையாகக் கொழும்பு வளர்ந்தது. வங்காளத்துக் கரியும் கார்டிப் கரியும் அங்கே மலைபோற் குவிந்தன. அம்மலையை மூட்டை மூட்டையாகச் சுமந்தவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலிகள் அல்லரோ? தோட்டத் தொழிலாளி உண்ட அரிசியின் விலை அவனுடைய சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது. கரியின் பாரம் ஒருவன் முதுகில். கரி இழுத்துவந்த அரிசியின் கடன் இன்னொருவன் தலையில். இலாபம் மட்டும் இலண்டனில்!

பின்னர் ஓர் இடைக்காலம் வந்தது. நீரின் வலுவைக் கொண்டே இந்நாட்டுக்கு மின்சாரம் ஆக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918 இலேயே எடுத்துக் கூறினார். 1950 இலேதான் இலக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் மலைநாட்டு நீரே நமது மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தந்தது. புகையிரதமும் டீசலுக்கு மாறியது. அடுப்பிலே விறகு எரிந்ததேயன்றி, கடல்கடந்த கரி நமது உணவிலிருந்து பெரும்பாலும் விலகியே நின்றது. 1996 இலே மழை பொய்த்தது. நாடு இருளில் ஆழ்ந்தது. முதலில் எண்ணெய் வந்தது. அதன்பின் கரி திரும்பி வந்தது.

2011 இலே நுரைச்சோலையின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டிலேதான் புறக்கோட்டையிலிருந்த மீன் சந்தை பேலியகொடைக்கு வந்தது. 2014 அளவில் சீனக் கடனில் எழுந்த மூன்று பொறிகளும் சேர்ந்து 900 மெகாவாற்று வலுவைப் பெற்றன. 2021 இலே மெனிங் காய்கறிச் சந்தையும் பேலியகொடையை வந்தடைந்தது. தலைநகரின் மீனும் மரக்கறியும் ஓரிடத்திற் குவிந்த அதே காலத்திலே, அவற்றைக் காக்கும் மின்சாரம் கரியின் கைக்குப் போயிற்று.

அந்தக் கரி எரியும் இடம் எது? கற்பிட்டிக் குடாநாடு. மீன்பிடியும் வெங்காயம், மிளகாய், மரக்கறிச் செய்கையும் அம்மண்ணின் வாழ்வு. இந்தோனேசியாவிலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வரும் கப்பல்கள் நடுக்கடலிலே நின்று கரியை இறக்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே அது இயலாது. ஆகவே கடல் அடங்கியிருக்கும் காலத்திலேயே ஆண்டு முழுமைக்கும் வேண்டிய கரியைக் கரையிற் குவிக்கின்றனர். காற்றெழும்போது கரித்தூளும் சாம்பலும் தோட்டங்களிலே படிகின்றன என்று அவ்வூர் மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகின்றனர். நிலையம் எழுமுன்னரே அங்குள்ள மீனவரும் கத்தோலிக்க திருச்சபையினரும் எதிர்த்து நின்றனர். நகரம் செவிசாய்க்கவில்லை. கரிக்காற்றிலே வளர்ந்த மரக்கறியும் பேலியகொடைக்கே வருகிறது. அதனை நாமே உண்கிறோம்.

சம்பூரின் கதையையும் மறத்தலாகாது. 2006 இலே போரினால் துரத்தப்பட்ட உழவரும் மீனவரும் அகதி முகாம்களிலே வாடியிருக்க, அவர்களுடைய மண்ணிலே இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு சேர்ந்து கரி நிலையம் எழுப்பத் திட்டம் தீட்டப்பட்டது. மக்களின் விடாப்பிடியான எதிர்ப்பும் வழக்கும் சேர்ந்து 2016 இலே அத்திட்டம் கைவிடப்பட்டது. உண்பவருக்கு மின்சாரம் வேண்டுமென்றால் உணவு விளைவிப்பவரின் நிலத்தைப் பறிக்கலாம் என்னும் நீதி அங்கே தோற்றது.

இனி, 'மலிவு' என்னும் அந்த வேதவாக்கைக் கவனிப்போம். கரியை வாங்க டொலர் வேண்டும். 2022 இலே டொலர் வற்றியது. கரிக்கப்பலுக்குப் பணம் கட்ட வழியின்றி அரசு கைபிசைந்து நின்றது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. ஆகஸ்டிலே மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியிலே மீண்டும் 66 வீதமும் உயர்ந்தது. ஐஸ் விலையேறினால் படகுக்காரனின் செலவேறும், மீன் விலையேறும், கூடையேந்திய சில்லறை வியாபாரியின் விற்பனை குறையும், பிள்ளையின் கோப்பையிலே மீன்துண்டு சிறுக்கும். கரியின் விலையைக் கட்டுபவர் கடைசியிலே இவர்களே.

வயலுக்குள்ளும் கரி வந்துவிட்டது. சீனாவிலே யூரியா பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தே ஆக்கப்படுகிறது. நாம் இறக்கும் யூரியாவில் ஒரு பகுதி அங்கிருந்தே வருகிறது. 2021 இலே இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்து உழவனை வீழ்த்திய மூடத்தனத்தையும் நாம் கண்டோம். கரியைப் புகுத்தியபோதும் மக்களைக் கேட்கவில்லை. உரத்தை நிறுத்தியபோதும் மக்களைக் கேட்கவில்லை. நோய் ஒன்றே.

ஆகவே நுரைச்சோலையை நாளையே மூடுக என்று நாம் கூறவில்லை. அவ்வாறு மூடினால் இருளிலே முதலில் அழுகுவது ஏழையின் மீனேயாகும். நாம் கூறுவது வேறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, மின்தேவை குறைந்துவிட்டதென்றும் வலையமைப்பின் உறுதி குலையுமென்றும் கூறி, கூரைகளிலே சூரியத் தகடு பொருத்தியோரைப் பகலிலே அவற்றை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. எத்தகைய விந்தை! வானம் இலவசமாகத் தந்த வெயிலை வேண்டாமென்கிறோம். இரவானதும் டொலர் கொடுத்து வாங்கிய கரியை எரிக்கிறோம்.

மின்சாரத்தைச் சேமித்தல் அருமை. குளிரைச் சேமித்தல் எளிது. ஐஸ் ஆலைகளும் குளிர் அறைகளும் பகலிலே முழுவேகத்தில் இயங்கி, மாலை உச்சவேளையிலே தணியலாம். நண்பகல் வெயிலில் உறைந்த ஐஸ் நள்ளிரவுச் சந்தையிலே மீனைக் காக்கும். பேலியகொடைச் சந்தைகளின் அகன்ற கூரைகள் வெயிலிலே வாளா கிடத்தல் ஏன்? மீன்பிடித் துறைமுகங்கள்தோறும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிமையான பகல்நேர ஐஸ் ஆலைகளை அரசு நிறுவித் தருதல் வேண்டும். பகல் மின்சாரத்தை இவ்வாலைகளுக்குக் குறைந்த விலையிலே வழங்குதல் வேண்டும். இவற்றைத் தனியார் ஒருவர் கையிலே கொடுத்துவிட்டால், கரி முதலாளி போய் வெயில் முதலாளி வருவானேயன்றி மீன் விலை குறையாது. கற்பிட்டி மக்களின் காற்றையும் மண்ணையும் ஒழுங்காக அளந்து, அவ்வளவைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுதல் வேண்டும். நுரைச்சோலைத் தொழிலாளர்க்கு மாற்றுத் தொழிலை உறுதிசெய்த பின்னரே நிலையத்தின் கதவு மெல்லமெல்லச் சாத்தப்படல் வேண்டும்.

துறைமுகத்திலே கரி சுமந்தவனுக்கு அக்கரி எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை இருக்கவில்லை. இன்று சந்தையிலே ஐஸ் பெட்டி சுமப்பவனுக்கும், கடலிலே வலை வீசுபவனுக்கும், கடையிலே மீன் வாங்குபவளுக்கும் அவ்வுரிமை உண்டு. மூவரும் ஒருங்கே நின்று அக்கேள்வியைக் கேட்கும் நாளிலேதான் நமது சோற்றிலிருந்து கறுப்புப் பருக்கை நீங்கும். கேட்போம்.