பயத்துக்கு இருட்டு எதற்கு?

திரில்லர் குறும்படம் எடுக்கப்போகிறோம் என்று கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகளிடம் முதல் காட்சி என்ன என்று கேட்டுப் பாருங்கள். நள்ளிரவு. மழை. விட்டுவிட்டு எரியும் தெருவிளக்கு. ஹூடியால் தலையை மூடிய ஒருவன், கையில் கத்தி, தரையில் ரத்தம். அதன்மேல் சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், படத்தின் பெயர். சென்னையிலும் இதுதான், கோவையிலும் இதுதான். பட்டுத் தறிகளின் ஊரான ஆரணியில் கேட்டால் இடம் மட்டும் மாறும். பூசிமலைக்குப்பம் காட்டுப்பக்கம் ஜாகீர்தார் காலத்து மாளிகை ஒன்று பாழடைந்து நிற்கிறது. ராத்திரியில் அங்கே போய் எடுத்துவிடலாம் என்பார்கள்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. பயம் இருட்டுக்குள் இருக்கிறது, இருட்டைக் காட்டிவிட்டால் பயம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. மாணவர்கள் மட்டுமல்ல, அவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்களும் குறும்படப் போட்டிகளில் மார்க் போடுகிறவர்களும்கூட இதை நம்புகிறார்கள். இது தவறு. கற்பனை உள்ள பிள்ளைகளின் முதல் படத்தையே கெடுத்துவிடுகிற தவறு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரில்லருக்கே ஆசானாகக் கொண்டாடப்படும் ஹிட்ச்காக் இந்த நம்பிக்கையை 1959-லேயே உடைத்துவிட்டார். 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில் கதாநாயகனை ஓரிடத்துக்கு வரவழைத்துக் கொல்லப் பார்க்கும் காட்சி வருகிறது. வழக்கமாக இதை எப்படி எடுப்பார்கள் என்று பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் அவரே விவரித்திருக்கிறார்: இரவு, விளக்குக் கம்பத்தடியில் காத்திருக்கும் ஆள், மழையில் நனைந்த கல் தெரு, ஓடும் கறுப்புப் பூனை. அத்தனையையும் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, உச்சிவெயிலில், ஒரு மரம்கூட இல்லாத வயல்வெளியில் ஆளை நிறுத்தினார். தொலைவில் ஒரு விமானம் மருந்து தெளித்துக்கொண்டிருக்கிறது, பயிரே இல்லாத இடத்தில். சட்டென்று ஒளிவதற்கு ஓர் இடம் இல்லை என்பதுதான் அங்கே பயம். இருட்டாக இருந்திருந்தால் அவன் ஒளிந்திருப்பான்.

ஹிட்ச்காக் சொன்னதைப் படிக்கும்போது எனக்கு ஆரணியின் அரிசி ஆலைக் களங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவித்த நெல் காயும் சிமெண்டுக் களம். மத்தியான வெயிலில் கண் கூசும். நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே நடக்கும் பெண்கள் போட்ட கோடுகள் களம் முழுக்க ஓடும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே, யாரும் நடந்திராத திசையில், ஒரே ஒரு காலடி வரிசை போயிருந்தால்? களத்தின் நடுவோடு அது நின்றுவிட்டிருந்தால்? ஒரு படம் தொடங்கிவிட்டது. இதற்கு மழையும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

நம் ஊரிலேயே முன்னோடி இருக்கிறது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்து 1954-ல் வந்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட 1943-ஐ ஒட்டி நடக்கும் கதை. தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். ஊரே கதாநாயகன் என்று நம்பிக் கொட்டகைக்கு வந்த நடிகரை முதல் காட்சியிலேயே கொன்றுவிட்ட துணிச்சல் அது. சுட்டது யார் என்பதை மட்டும் கேமரா காட்டவில்லை. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முன்கூட்டியே எடுத்த முடிவில்தான் அந்தப் படம் நிற்கிறது. விளக்கை அணைப்பது வேறு, மறைப்பது வேறு.

ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் 1931-ல் எடுத்த 'எம்' படத்தின் தொடக்கமும் பகல்தான். பள்ளி விட்டு வரும் மகளுக்காகத் தாய் சாப்பாட்டு மேசையைத் தயார் செய்கிறாள். மகள் பந்தை ஒரு தூணில் தட்டி விளையாடுகிறாள். தூணில் கொலைகாரனைப் பற்றிய அறிவிப்பு, அதன்மேல் ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. அப்புறம் வெறும் மாடிப்படி, துணி காயும் பரண், யாரும் உட்காராத நாற்காலி, புதருக்குள்ளிருந்து உருண்டு வரும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கிக்கொண்ட பலூன். கொலை காட்டப்படவே இல்லை. பார்க்கிறவர் மனதில் மட்டும் அது நடந்து முடிகிறது. தட்டு, பந்து, பலூன் என்று கடைத்தெருவில் கிடைக்கிற சாமான்களை வைத்து எடுத்த காட்சி இது. பட்ஜெட் இல்லை என்று சொல்கிற எந்த மாணவருக்கும் இதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

அழகியலை விடுங்கள், நடைமுறைக்கே வருகிறேன். பெரும்பாலான மாணவர் படங்கள் போனில் எடுக்கப்படுகின்றன. போனின் சென்சார் மிகச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் அது தானாகவே ஒளி உணர்வைக் கூட்டும். கறுப்புப் பகுதி முழுக்கப் புள்ளிப்புள்ளியாகக் கொதிக்கும். அதை யூடியூபில் ஏற்றும்போது கோப்பு சுருக்கப்பட்டு, இருட்டு கட்டம்கட்டமாக உடைந்துபோகும். பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்க்கிறவருக்குத் திரையில் தெரிவது அவருடைய முகம்தான். "டிஐ-யில் சரிபண்ணிக்கலாம்" என்பார்கள், அதாவது பிறகு நிறம் திருத்தும்போது. பதிவாகாத ஒன்றை எந்த கிரேடிங்காலும் கொண்டுவர முடியாது. பதிவானதற்கு நீலச்சாயம் பூசலாம், அவ்வளவே. அதே போன் பகல் வெளிச்சத்தில், எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட்டால், பட்டின் ஒவ்வோர் இழையையும் துல்லியமாகக் காட்டும். டியூப்லைட் இருக்கும் அறையென்றால் ஷட்டரை 1/50-ல் வையுங்கள், விநாடிக்கு 25 ஃப்ரேம்; நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் திரையில் பட்டை ஓடாது. இப்படிப்பட்ட பாடத்தை விட்டுவிட்டு மழைக்குத் தண்ணீர் லாரி எங்கே கிடைக்கும் என்று அலைகிறார்கள்.

ஹூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், கொலைகாரன் என்று அல்ல, உடம்பு சரியில்லையோ என்றுதான் பார்ப்பார்கள். ஆரணித் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத ஆள் யார்? நூல் மூட்டையை டிவிஎஸ் எக்ஸெலில் வைத்துக்கொண்டு போகிறவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சின்ன நோட்டு. எந்த வீட்டுக்குள்ளும் போவார், "யாரும்மா உள்ள?" என்று கேட்டாலே போதும். சந்தேகப்படவே முடியாத உடையில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

ஆரணி மாணவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. காட்சித் திட்டம் என்றால் என்ன என்பதை உலகத்துக்கே சொல்லித்தரக்கூடிய ஊரில் இருந்துகொண்டு, "ஸ்பாட்ல பாத்துக்கலாம்" என்கிறார்கள். ஒரு பட்டுச்சேலையின் முந்தானையில் மயில் வர வேண்டுமென்றால் தறியில் உட்கார்ந்தபிறகு யாரும் யோசிப்பதில்லை. முதலில் டிசைன் வரைகிறவர் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்புகிறார். இப்போது பலர் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்து அட்டைகளில் துளை போடுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி நீளவாக்கில் ஓடும் பாவு இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் விட்டுவிடும். மயிலின் கழுத்து எங்கே வளைய வேண்டும் என்பது நெய்வதற்குப் பல நாள் முன்பே முடிவாகிவிட்டது. ஸ்டோரிபோர்டு என்பது இதேதான்: எந்த இழை மேலே வரும், எது கீழே மறையும் என்ற முடிவு. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்கு முழுத் திரைக்கதை எழுதவில்லை. காட்சிகளை மையால் படம்படமாக வரைந்த நோட்டு ஒன்றை வைத்திருந்தார், அதைக் காட்டித்தான் தயாரிப்பாளர்களிடம் அலைந்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது வயது இருபதைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது, அதற்குமுன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அனுபவம் இல்லாதவர்களுக்குத்தான் வரைந்த திட்டம் அதிகம் தேவைப்படுகிறது.

சரி, என்ன எடுப்பது? ஒரு தறிவீட்டை எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணி. ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக ஒரு துண்டு வெயில் தறிமேல் விழுகிறது. முதல் ஷாட், குழித்தறியின் மிதியில் இரண்டு பாதங்கள், மெட்டி தெரிகிறது. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும் சத்தம். இரண்டாவது, வாசல்: இரண்டு ஜோடி செருப்பு, ஒன்று பெண்ணுடையது, மற்றது ஆணுடையது, புதுசு, சேற்றோடு. மூன்றாவது, தறிப்பலகை ஓரத்தில் இரண்டு டீ கிளாஸ். ஒன்று காலி, மற்றதில் டீ ஆறி ஆடை கட்டியிருக்கிறது. நான்காவதில் பாதங்கள் நிற்கின்றன. சத்தம் நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தறிகள் மட்டும் கேட்கின்றன. ஐந்தாவது, வீட்டின் பின்கட்டில் இருக்கும் இன்னொரு தறி. அதன் பாவு நடுவில் அறுபட்டு, ஆயிரக்கணக்கான இழைகள் இருபுறமும் தொங்குகின்றன. வெட்டிய முனைகள் நேராக இருக்கின்றன, கத்தரிக்கோல் வேலை.

ஆரணியில் எவருக்கும் அந்தக் கடைசி ஷாட் வயிற்றைப் பிசையும். பாவு அறுபட்டால் போவது பல வாரச் சம்பாத்தியம். இழைக்கு இழை முடிச்சுப் போட்டு உட்கார வேண்டும். தறி அறியாதவருக்கும் புரியும், ஏனென்றால் முந்தைய நான்கு ஷாட்களில் ஓடிக்கொண்டிருக்கும் தறியை அவர் பார்த்துவிட்டார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அந்த ஆண் செருப்பு யாருடையது என்ற கேள்வி படம் முழுக்கப் பின்தொடரும்.

நிறமும் இப்படித்தான். சிவப்பென்றால் ரத்தம் என்று ஒரே கணக்கு வைத்திருப்பது பட்டு ஊரில் பிறந்த கண்ணுக்கு அடுக்காது. சாயப்பட்டறையில் மூங்கில் கழியில் நூல் கழிகள் தொங்குகின்றன: அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். அறுபட்ட பாவு அரக்கு நிறம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கு முந்தைய எந்த ஷாட்டிலும் அரக்கோ சிவப்போ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் காலண்டரைக்கூடக் கழற்றி வையுங்கள். கண் முதன்முதலாக அந்த நிறத்தைப் பார்ப்பது வெட்டுப்பட்ட இடத்தில்தான் என்று ஆகிவிடும்.

இருட்டே கூடாதா என்று கேட்பார்கள். கூடும். கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா'வில் விஜய் சேதுபதி இருண்ட பங்களாவுக்குள் மாட்டிக்கொள்வார். அங்கே டார்ச் ஒன்றுதான் துணை, அது எங்கே திரும்புகிறதோ அங்கேதான் நாம் பார்க்க முடியும். லோகேஷ் கனகராஜின் 'கைதி' ஒரே இரவில் நடக்கும் கதை. இரண்டிலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஷாட்டுக்கு ஷாட் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு போட்டவர்கள் தாராளமாக இரவில் எடுக்கட்டும். திட்டம் இல்லாததை மூடிமறைக்கக் கூப்பிடுகிற இருட்டைத்தான் எதிர்க்கிறேன்.

தறிவீட்டில் எடுக்கப்போகிறவர்களுக்குச் சில வேலைகள் உண்டு. முதல் நாளே போய், கண்ணாடி ஓட்டு வெயில் எத்தனை மணிக்குத் தறிமேல் விழுகிறது, எத்தனை மணிக்குச் சுவருக்கு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வெயில் தேவைப்படும் ஷாட்களை முதலில் எடுங்கள், செருப்பும் டீ கிளாஸும் பிறகு காத்திருக்கும். ஓடுகிற பாவைத் தொடாதீர்கள். வெட்டுவதற்குக் கழிவு நூலில் பொய்ப்பாவு கட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள், தெரிந்தவர்கள் செய்துதருவார்கள். உங்களுக்காகத் தறியை நிறுத்துகிற அக்காவுக்கு அன்றைய கூலியைக் காலையிலேயே கையில் கொடுத்துவிட்டுக் கேமராவை எடுங்கள்.