மேசைமேல் ஒரு திரை

அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர், “எம்.எல்.ஏ.வுக்கு எதுக்குங்க நம்ம காசுல கம்ப்யூட்டர்?” என்றார். பட்டா மாறுதலுக்காக இ-சேவை மையத்துக்கு நடையாய் நடப்பவர். கோபம் வரத்தான் செய்யும். எனக்கென்னவோ அந்தச் செலவு உறுத்தவில்லை. 2021 ஆகஸ்ட் 13 அன்று கலைவாணர் அரங்கில் தமிழகத்தின் முதல் காகிதமில்லா பட்ஜெட் வாசிக்கப்பட்டபோது உறுப்பினர்களின் மேசைகளில் திரைகள் ஒளிர்ந்தன. கட்டுக்கட்டாகத் தாள் அச்சிடுவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால், 2011-இல் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் தந்தபோது ‘படம் பார்க்கத்தான் போகிறார்கள்’ என்று முணுமுணுத்தோமே (நானும்தான்), அந்தச் சந்தேகத்தில் ஒரு பங்கையாவது சட்டமன்றத்துக்கும் ஒதுக்கலாம். பெரியவரின் மனு எந்த அதிகாரியிடம் தூங்குகிறது என்று அந்தத் திரையில் பார்த்துச் சொல்லும் உறுப்பினருக்கு, இன்னொரு கணினியும் வாங்கிக் கொடுக்கலாம்.